நூற்றுக்கு இரண்டாயிரம்!

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எப். டயர்க் கம்பெனி 2024 மார்ச்சில் முடிந்த வருஷத்துக்காகத் தன் பங்குதாரர்களுக்குப் பங்கு ஒன்றுக்கு மொத்தம் ரூ.200 டிவிடெண்டு கொடுத்தது. அந்தப் பங்கின் முகமதிப்பு ரூ.10. பத்து ரூபாய்ப் பங்குக்கு இருநூறு ரூபாய் என்றால் நூற்றுக்கு இரண்டாயிரம் வீதம் ஆகிறது. கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கைக் கேட்டவர்கள் இரண்டு விதமாக மோசம் போவதை நாம் வருஷந்தோறும் பார்த்து வருகிறோம்.

ஒருவர் மேடையில் பேசுகிறவர். "நூற்றுக்கு இரண்டாயிரம் லாபம் வாரிக் கொடுக்கிறார்கள், உழைக்கிற தொழிலாளிக்கு என்ன கொடுத்தார்கள்?" என்று அவர் முழங்குகிறார். கூட்டம் கைதட்டுகிறது. மறுநாள் கம்பெனியின் தரப்பில் ஒரு கணக்கர் எழுந்து நான்கு வரியில் விடை கூறினால், பேசினவருடைய நியாயமான கோரிக்கையும் அவருடைய தவறான கணக்கோடு சேர்ந்து அடிபட்டுப் போகிறது. மற்றொருவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பிராவிடெண்டு பண்டு பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதில் போட்டால் மாதச் செலவுக்கு ஆகும் என்று தேடுகிறார். "இரண்டாயிரம்" என்ற எண் அவர் கண்ணைப் பறிக்கிறது. ஆத்திரம் கொண்டவரும் ஆசை கொண்டவரும் செய்த தவறு ஒன்றே. "நூற்றுக்கு எத்தனை?" என்று இருவரும் கேட்டார்கள்; "எந்த நூற்றுக்கு?" என்று கேட்கவில்லை.

அந்த இரண்டாவது கேள்விக்கு உரிய விடையையே ஆங்கிலத்தில் 'டிவிடெண்டு யீல்டு' என்கிறார்கள். டிவிடெண்டு வருமான வீதம் என்று நாம் சொல்லலாம். இது பங்கு மார்க்கெட் தரகர்கள் மட்டும் அறிய வேண்டிய ரகசியம் என்று எண்ணுவது பிசகு. பொதுக் காரியங்களில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். நான்காம் வகுப்புக் கணக்குக்கு மேற்பட்ட எதுவும் இதில் இல்லை.

நிலமும் குத்தகையும்

ஒரு குடும்பத்தின் பாட்டனார் அந்தக் காலத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு நிலம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். கிரயப் பத்திரத்தில் இன்றும் அதே ஐந்நூறுதான் எழுதியிருக்கிறது. நிலத்தின் இன்றைய விலை ஐந்து லட்சம். வருஷக் குத்தகை பத்தாயிரம் ரூபாய் வருகிறது. பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐந்நூறு ரூபாய் முதலுக்குப் பத்தாயிரம் வருமானம், நூற்றுக்கு இரண்டாயிரம்!" என்று பேரன் பெருமை பேசலாம். ஆனால் அந்த நிலத்தை இன்று அவனிடமிருந்து விலைக்கு வாங்குகிறவர் ஐந்து லட்சம் எண்ணிக் கொடுக்க வேண்டும். அவருக்குப் பத்தாயிரம் என்பது நூற்றுக்கு இரண்டுதான். பேரனும் நிலத்தை விற்றுவிட்டு அந்தப் பணத்தை வேறு விதமாகப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கும்போது ஐந்து லட்சத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பாட்டனார் கொடுத்த ஐந்நூறை அல்ல.

பங்கின் முகமதிப்பு என்பது இந்தப் பத்திர விலையைப் போன்றது. கம்பெனி மூலதனத்தை இத்தனை பங்குகளாகப் பிரிப்பதற்காக ஒவ்வொன்றின் மேலும் குறித்த தொகை அது. மார்க்கெட்டில் இன்று அந்தப் பங்கு என்ன விலைக்குக் கைமாறுகிறதோ அது மார்க்கெட் விலை. லாபத்தில் ஒரு பகுதியைப் பங்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று கம்பெனி பகிர்ந்து கொடுப்பது டிவிடெண்டு. நிலத்தின் குத்தகைக்கு ஒப்பானது இதுவே. ஆனால் குத்தகையைப் போல முன்கூட்டிப் பேசி முடித்த தொகை அன்று. டைரக்டர்கள் சிபாரிசு செய்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

முகமதிப்பின் மேல் நூற்றுக்கு இவ்வளவு என்று டிவிடெண்டைச் சொல்லும் வழக்கம் பழமையானது. நூறு ரூபாய்ப் பங்கு ஏறக்குறைய நூறு ரூபாய்க்கே கிடைத்துவந்த நாளில் அதற்கு அர்த்தம் இருந்தது. இப்பொழுது ஒரு கம்பெனியின் முகமதிப்பு ரூ.10, மற்றொன்றுக்கு ரூ.5, வேறொன்றுக்கு ரூ.2 அல்லது ரூ.1. பங்கு ஒன்றுக்கு ஐந்து ரூபாய் கொடுக்கிற இரண்டு கம்பெனிகளில் பத்து ரூபாய் முகமதிப்புள்ளது 'நூற்றுக்கு ஐம்பது' என்றும், ஒரு ரூபாய் முகமதிப்புள்ளது 'நூற்றுக்கு ஐந்நூறு' என்றும் சொல்லிக்கொள்ள முடிகிறது. கையில் வருவதோ இரண்டிலும் ஐந்து ரூபாய்தான். இந்தக் குழப்பத்தை உணர்ந்தே, பங்கு மார்க்கெட்டை மேற்பார்க்கும் செபி தனது 2015-ஆம் வருஷத்து விதிகளில், டிவிடெண்டைப் பங்கு ஒன்றுக்கு எத்தனை ரூபாய் என்றே அறிவிக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்குக் கட்டளையிட்டிருக்கிறது. ஆயினும் பத்திரிகைத் தலைப்புகளிலும் தரகர்களின் துண்டுப் பிரசுரங்களிலும் பழைய சதவீதம் இன்னும் சாகவில்லை.

கணக்கு

கணக்கு இதுதான். ஒரு வருஷத்தில் பங்கு ஒன்றுக்குக் கிடைத்த டிவிடெண்டை ரூபாயில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பங்கின் மார்க்கெட் விலையால் வகுக்க வேண்டும். வந்த விடையை நூறால் பெருக்க வேண்டும். முகமதிப்புக்கு இதில் இடமே இல்லை.

எம்.ஆர்.எப். பங்குக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய அந்தக் கம்பெனியின் பத்து ரூபாய்ப் பங்கு, 2023 ஜூன் மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2024 மார்ச்சு முடிவில் ரூ.1,30,000-க்கும் மேல் விற்றது. ரூ.200-ஐ ரூ.1,30,000-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது 0.15. அதாவது நூறு ரூபாய்க்குப் பதினைந்து காசு! அதே ரூ.1,30,000-ஐத் தபாலாபீஸ் சேவிங்ஸ் கணக்கில், நூற்றுக்கு 4 வட்டியில் போட்டிருந்தால் வருஷத்துக்கு ரூ.5,200 வந்திருக்கும். 'நூற்றுக்கு இரண்டாயிரம்' கொடுத்த பங்கில் வந்தது இருநூறு ரூபாய்.

மேடைப் பிரசங்கியார் கவனிக்க வேண்டிய இன்னொரு கணக்கும் உண்டு. அவ்வருஷம் அந்தக் கம்பெனியின் நிகர லாபம் சுமார் 2,080 கோடி ரூபாய். வெளியிலுள்ள பங்குகள் சுமார் 42 லட்சத்து 41 ஆயிரமே. பங்குக்கு ரூ.200 வீதம் பகிர்ந்த தொகை ஏறக்குறைய 85 கோடி. நூறு ரூபாய் லாபத்தில் நான்கு ரூபாயைப் பங்குதாரருக்குக் கொடுத்துவிட்டு, தொண்ணூற்றாறைக் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆகவே, 'லாபத்தையெல்லாம் வாரி இறைக்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டு உண்மைக்கு நேர் விரோதமானது. தொழிலாளிக்காக வாதாட விரும்புகிறவர் பிடிக்க வேண்டிய நூல் அந்த 2,080 கோடி. இரண்டாயிரம் சதவீதம் அன்று. வைத்துக்கொண்ட லாபம் எங்கே போகிறது, புது ஆலைக்கா, கூலி உயர்வுக்கா என்று கேட்டால் கம்பெனி பதில் சொல்லியே தீர வேண்டும்.

ஏற்றமும் இறக்கமும்

வருமான வீதம் கிணற்று ஏற்றத்தைப் போன்றது. ஒரு பக்கம் விலை, மறுபக்கம் வீதம். விலை மேலே போனால் வீதம் கீழே வரும். விலை கீழே வந்தால் வீதம் மேலே போகும். டிவிடெண்டு ஒரு பைசாவும் மாறாதிருக்கும்போதே இது நடக்கும்.

கோல் இந்தியா கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச்சில் முடிந்த வருஷத்துக்கு அது பங்கு ஒன்றுக்கு ரூ.24.25 டிவிடெண்டு கொடுத்தது. வருஷ முடிவில் பங்கின் விலை சுமார் ரூ.213. வருமான வீதம் நூற்றுக்கு 11-க்கும் சற்று மேல். அடுத்த வருஷம் டிவிடெண்டு ரூ.25.50 ஆக உயர்ந்தது. ஆனால் 2024 மார்ச்சு முடிவில் விலை சுமார் ரூ.434 ஆகிவிட்டபடியால் வருமான வீதம் நூற்றுக்கு 6-க்கும் கீழே இறங்கியது. டிவிடெண்டு உயர்ந்தும் வீதம் பாதியாயிற்று! கம்பெனி கஞ்சத்தனம் செய்தது என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அது அறியாமை. ஜனங்கள் அந்தப் பங்குக்கு இருமடங்கு விலை கொடுக்க முன்வந்தார்கள் என்பதே இதன் பொருள்.

இதே கம்பெனியின் டிவிடெண்டை முகமதிப்பின் மேல் கணக்கிட்டால் 2024-இல் நூற்றுக்கு 255 வருகிறது. எம்.ஆர்.எப்.புக்கு இரண்டாயிரம், கோல் இந்தியாவுக்கு இருநூற்றைம்பத்தைந்து. முகமதிப்புக் கணக்குப்படி முன்னது எட்டு மடங்கு தாராளம். வருமான வீதப்படி பார்த்தால், பின்னதே முப்பது மடங்குக்கு மேல் தாராளம். எந்த எண்ணை நம்பிப் பணத்தைப் போடுவது என்று இனி நாம் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கினவர் தாம் கொடுத்த விலையின்மீது கணக்கிடுவதும் உண்டு. 2010-இல் கோல் இந்தியா பங்குகள் முதன்முதலாகப் பொதுஜனங்களுக்கு ரூ.245 வீதம் விற்கப்பட்டன. அன்று அந்த விலைக்கு வாங்கி வைத்திருந்தவருக்கு ரூ.25.50 என்பது நூற்றுக்கு 10-க்கும் சற்று மேல். இது அவருடைய சொந்தத் திருப்திக்கு உரிய கணக்கு. புதிதாக வாங்குகிறவர் அதைக் கேட்டு மயங்கக் கூடாது. அவர் இன்றைய விலையைத்தான் கொடுக்கப் போகிறார்.

எதைச் சேர்ப்பது?

பெரிய கம்பெனிகள் வருஷத்தில் ஒரு தடவை மட்டும் டிவிடெண்டு கொடுப்பதில்லை. நடு வருஷத்தில் இடைக்கால டிவிடெண்டு என்று ஒன்றோ இரண்டோ கொடுக்கின்றன. பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஒப்புக்கொண்ட பின் இறுதி டிவிடெண்டு கொடுக்கின்றன. எம்.ஆர்.எப். கொடுத்த ரூ.200-லும், மூன்று மூன்று ரூபாயாக இரண்டு தடவை இடைக்காலத்தில் வந்தவை போக, மிகுதி ரூ.194 இறுதியில் வந்ததே. வருஷக் கணக்குக்கு எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஒரு தவணையை மட்டும் பார்த்து, 'மூன்று ரூபாய்தானா!' என்று பரிகாசம் செய்வதும், பெரிய தவணையொன்றை நான்கால் பெருக்கி வருஷ வருமானம் என்று ஆசைப்படுவதும் ஒரே ரகத்துத் தவறு.

விசேஷ டிவிடெண்டு என்று எப்போதாவது ஒரு முறை கொடுப்பதும் உண்டு. கம்பெனி ஒரு சொத்தை விற்றிருக்கலாம். பல வருஷமாகச் சேர்ந்த ரொக்கத்தை வெளியே விட்டிருக்கலாம். மாமரத்தை வெட்டி விற்ற பணத்தை வருஷா வருஷம் வரும் மாங்காய் வருமானத்தோடு சேர்ப்பவர் எவரும் இல்லை. அதுபோலவே விசேஷ டிவிடெண்டையும் பிரித்து வைத்துத்தான் வீதம் காண வேண்டும்.

'டிவிடெண்டு கொடுக்கிற நாளுக்கு முன்பு வாங்கி, தொகையைப் பெற்றுக்கொண்டு மறுநாளே விற்றுவிடுகிறேன்' என்று சாமர்த்தியம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். யார் யார் பங்குதாரர் என்று கம்பெனி ஒரு குறிப்பிட்ட தேதியில் பார்க்கிறது. அதை ரிக்கார்டு தேதி என்கிறார்கள். 2023 ஜனவரி முடிவிலிருந்து இந்தியப் பங்கு மார்க்கெட்டுகளில் எல்லாப் பங்கு வியாபாரமும் மறுநாளே தீரும் முறை அமலுக்கு வந்துவிட்டதால், ரிக்கார்டு தேதிக்கு முந்திய வியாபார தினத்திலாவது வாங்கியிருப்பவருக்கே டிவிடெண்டு உண்டு. ஆனால் ரிக்கார்டு தேதியன்று மார்க்கெட் திறக்கும்போது, கொடுக்கப்போகும் டிவிடெண்டின் அளவுக்குப் பங்கின் விலையும் பொதுவாக இறங்கியே நிற்கும். கறந்த பிறகு பசுவின் மடி வற்றியிருப்பதில் அதிசயம் என்ன?

வரியையும் மறக்கலாகாது. 2020 ஏப்ரலுக்கு முன் கம்பெனியே டிவிடெண்டுப் பகிர்வு வரியைக் கட்டிவந்தது. அது ரத்தான பிறகு, டிவிடெண்டு பெறுகிறவரின் வருமானத்தோடு சேர்ந்து அவருக்குரிய வீதப்படி வரி விதிக்கப்படுகிறது. நூற்றுக்கு 6 வருமான வீதமுள்ள பங்கில், நூற்றுக்கு 30 வரி கட்டும் நிலையிலுள்ளவருக்கு மிஞ்சுவது 4.2 மட்டுமே. ஒரே பங்கு ஏழைக்கு ஒரு வீதமும் செல்வனுக்கு வேறு வீதமும் தருகிறது.

அதிக வீதம் என்னும் அபாயம்

இவ்வளவும் அறிந்துகொண்டவர் அடுத்தபடி செய்யக்கூடிய தவறு ஒன்று இருக்கிறது. எந்தப் பங்குக்கு வீதம் மிக அதிகமோ அதைத் தேடிப் பிடித்து வாங்குவது அது.

வேதாந்தா கம்பெனி 2023 மார்ச்சில் முடிந்த வருஷத்தில் ஐந்து தவணைகளில் பங்கு ஒன்றுக்கு மொத்தம் ரூ.101.50 கொடுத்தது. வருஷ முடிவில் பங்கின் விலை சுமார் ரூ.275. வருமான வீதம் நூற்றுக்கு ஏறக்குறைய 37. கந்து வட்டிக்காரனும் கூசும் வீதம் இது! அப்போது அதை நம்பி வாங்கினவருக்கு அடுத்த வருஷத்தில் வந்தது ரூ.18.50-ம் ரூ.11-ம் ஆக மொத்தம் ரூ.29.50. நூற்றுக்கு 37 எதிர்பார்த்தவர் 11-க்கும் குறைவாகப் பெற்றார்.

காரணம் அன்றைக்கே கணக்கில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கம்பெனிக் குழுமத்தின் லாபத்தில் அதன் பங்குதாரருக்கு உரியதாக அவ்வருஷம் காட்டப்பட்டது சுமார் 10,500 கோடி ரூபாய். டிவிடெண்டாக வெளியே போனதோ சுமார் 37,700 கோடி. சேர்த்து வைத்ததும் துணைக் கம்பெனிகளிலிருந்து வந்ததும் சேர்ந்தே அவ்வளவு தொகை போயிற்று. பங்குகளில் மூன்றில் இரண்டு பாகத்துக்கு மேல் லண்டனிலுள்ள தாய்க் கம்பெனியிடம் இருந்தன. தாய்க் கம்பெனிக்குப் பெருங்கடன் இருந்தது. இதில் சட்ட விரோதம் இருந்தது என்று நாம் சொல்லவில்லை. குளம் நிறைந்திருக்கும் வரையில் மதகைத் திறந்து விடலாம். வரத்துக்கு மேல் விட்டால் அடுத்த போகத்துக்குத் தண்ணீர் இராது என்பதை மட்டுமே சொல்லுகிறோம்.

வீதம் உயர்வதற்கு வேறொரு வழியும் உண்டு. கம்பெனி நலிகிறது என்று மார்க்கெட்டுக்குத் தெரிந்து விலை சரிந்தால், போன வருஷத்து டிவிடெண்டை இன்றைய சரிந்த விலையால் வகுக்கும்போது வீதம் பெருத்துக் காட்டும். அது வீக்கம், புஷ்டி என்று மயங்கலாகாது. வருமான வீதம் என்பது கடந்த வருஷத்து டிவிடெண்டையும் இன்றைய விலையையும் கொண்டு பிறந்த எண். வரப்போகும் வருஷத்துக்கு அது உறுதிமொழி ஆகாது. ஆகையால் வீதத்தைக் கண்டவுடன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். லாபத்தில் எத்தனை பாகம் டிவிடெண்டாகப் போகிறது? ஐந்தாறு வருஷமாக டிவிடெண்டு ஒழுங்காக வந்திருக்கிறதா? கம்பெனிக்குக் கடன் எவ்வளவு? இவற்றுக்கு விடை தெரியாமல் வீதத்தை மட்டும் பார்த்துப் பணம் போடுகிறவர் பின்னால் யாரையும் நோவதில் பயனில்லை.

தேசக் கணக்கு

இதுவரை சொன்னது சொந்தப் பணத்தைப் போடுகிறவருக்கு. தேசக் காரியத்தில் ஈடுபட்டவர்களுக்கு இதனால் என்ன என்று கேட்டால், நமது சரித்திரத்திலேயே விடை இருக்கிறது.

1833-ஆம் வருஷத்துச் சாசனச் சட்டத்தின்படி கிழக்கிந்தியக் கம்பெனி தன் வியாபாரத்தை நிறுத்தி, ராஜ்ய பரிபாலனத்தை மட்டும் வைத்துக்கொண்டது. வியாபாரம் இல்லையென்றால் வியாபார லாபமும் இல்லை. ஆனால் அதன் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டு நிற்கவில்லை. 60 லட்சம் பவுன் மூலதனத்துக்கு நூற்றுக்கு 10½ வீதம், வருஷத்துக்கு 6,30,000 பவுன், இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டுமென்று பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்தது. நாற்பது வருஷத்துக்குப் பின் நூறு பவுன் பங்குக்கு இருநூறு பவுன் கொடுத்து மீட்கலாம் என்றும் விதித்தது. 1858-இல் கம்பெனியின் ஆட்சி போயிற்று, டிவிடெண்டு போகவில்லை. 1874-இல் பங்குகள் மீட்கப்பட்டுக் கம்பெனி கலைக்கப்படும் வரையில் அது தொடர்ந்தது. வருஷம் 6,30,000 பவுன் வீதம் நாற்பது வருஷத்துக்கு 2 கோடியே 52 லட்சம் பவுன் ஆகிறது. 1902-லும் 1904-லும் இரு பாகங்களாக வெளிவந்த தமது இந்தியப் பொருளாதார சரித்திரத்தில் ரமேஷ் சந்திர தத்தர் இந்தப் பளுவை எடுத்துக் காட்டினார்.

இங்கே நாம் கற்ற கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்தப் பங்கை இருநூறு பவுன் கொடுத்து வாங்கின லண்டன்வாசி ஒருவருக்கு 10½ பவுன் என்பது நூற்றுக்கு 5¼ தான். "கொள்ளை ஒன்றுமில்லையே, சாதாரண வருமானம்தானே!" என்று அவர் சொல்லியிருக்கலாம். அவர் அளவில் அது மெய். ஆனால் வரி கட்டிய குடியானவனுக்கு நூற்றுக்கு 10½ என்றால் என்ன, 5¼ என்றால் என்ன? அவனிடமிருந்து போனது வருஷம் 6,30,000 பவுன். பங்கின் விலை லண்டனில் ஏறினாலும் இறங்கினாலும் அந்தத் தொகையில் ஒரு காசும் குறையவில்லை. பங்கு வாங்குகிறவன் பார்க்க வேண்டியது வீதம். பணம் கொடுக்கிறவன் பார்க்க வேண்டியது தொகை. இந்த வித்தியாசத்தைத் தெரியாமல் வாதாடுகிறவர் எதிர்க்கட்சியின் வீதத்தில் சிக்கிக்கொண்டு தம் தொகையை இழப்பார்.

இன்று நம்முடைய சர்க்காரே பெரிய பங்குதாரராக இருக்கிறது. கோல் இந்தியாவில் 2023 ஜூனுக்கு முன் அதற்கு நூற்றுக்கு 66-க்கும் சற்று மேல் பங்கு இருந்தது. அம்மாதத்தில் நூற்றுக்கு 3 பாகத்தை, குறைந்தபட்ச விலை பங்குக்கு ரூ.225 என்று வைத்து விற்று, சர்க்கார் ஏறக்குறைய 4,185 கோடி ரூபாய் பெற்றது. விற்ற பங்குகள் சுமார் 18½ கோடி. அதையடுத்த கணக்கு வருஷ முடிவில் அவற்றுக்குக் கிடைத்திருக்கக்கூடிய டிவிடெண்டு பங்குக்கு ரூ.25.50 வீதம் சுமார் 470 கோடி. அச்சமயம் சர்க்கார் பத்து வருஷக் கடனுக்கு நூற்றுக்கு 7 அளவில் வட்டி கொடுத்துவந்தது. 4,185 கோடியைக் கடனாக வாங்கியிருந்தால் வருஷ வட்டி சுமார் 293 கோடி. நூற்றுக்கு 11 தருவதை விற்று, நூற்றுக்கு 7-க்குக் கிடைக்கும் பணத்தைத் திரட்டினார்கள்.

இது தவறு என்று தீர்ப்புச் சொல்ல நாம் அவசரப்படவில்லை. வட்டி என்பது கட்டாயமாகக் கொடுத்துத் தீர வேண்டிய கடமை. டிவிடெண்டு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. நிலக்கரியின் எதிர்காலம் நிச்சயமில்லாதது என்றும், கடன் பளுவைக் குறைப்பது நல்லது என்றும் சர்க்கார் தரப்பில் வாதிக்கலாம். அந்த வாதங்களுக்கு மதிப்பு உண்டு. ஆனால் வாதம் இந்தத் தளத்தில் நடக்க வேண்டும். "தேசச் சொத்தை விற்கிறார்கள்" என்று கூவுவதும், "சீர்திருத்தம் செய்கிறோம்" என்று பதிலுக்குக் கூவுவதும் கணக்கு ஆகா. எந்த விலைக்கு விற்றார்கள், அந்த விலையில் வருமான வீதம் என்ன, கடன் வட்டி என்ன, வித்தியாசம் எத்தனை கோடி என்று நான்கு கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர், ஊர் ஊராக முழங்கும் பத்துப் பிரசங்கிகளைவிட அதிகம் சாதிப்பார்.

கடைசியாக ஒரு வார்த்தை. கணக்குப் பார்க்காமல் பங்கு வாங்கின காலமும் இந்நாட்டில் உண்டு. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினபோது, பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தை இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகள் நாற்பதினாயிரமாகப் பிரித்தார். அப்பங்குகளை வாங்கியவர்களில் பலர், நம் கடலில் நம் கப்பல் ஓட வேண்டும் என்பதையே பெரிதாக மதித்தார்கள். 1908-இல் பிள்ளை சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி மூடப்பட்டது. போட்ட பணம் போயிற்று. ஆனால் அவர்கள் மோசம் போனார்கள் என்று சொல்ல நமக்கு வாய் வராது. எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தார்கள்.

தியாகத்துக்குக் கொடுப்பது வேறு. வருமானத்துக்குப் போடுவது வேறு. முன்னதில் சதவீதத்துக்கு வேலை இல்லை. பின்னதில் சதவீதம் தெரியாமல் வேலை இல்லை. ஆகவே அடுத்த தடவை 'நூற்றுக்கு ஐந்நூறு', 'நூற்றுக்கு ஆயிரம்' என்று தலைப்பைக் காணும் வாசகர்கள், கோபமோ ஆசையோ கொள்வதற்கு முன்னால் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். பங்கு ஒன்றுக்கு எத்தனை ரூபாய், பங்கின் விலை என்ன என்ற இரண்டு எண்கள் போதும். ஒன்றை மற்றதால் வகுக்க அரை நிமிஷமும் ஆகாது.